சாயம் போட்ட வானம்

சென்ற ஆண்டு அஸ்ட்ரோசாட் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு 'இந்தியாவின் ஹப்பிள்'. முகப்பில் ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின் படம், கைகள் நீலமாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். நன்றாகவே பகிரப்பட்டது. அந்த வாரக் கடைசியில் காஞ்சிபுரம் போனபோது, பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நெஜக் கலரா, போட்ட கலரா?"

"போட்டதுதான்பா. புறஊதாவுல எடுத்தது. கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததை மஞ்சள்னு யாரு முடிவு பண்ணாங்க?"

என் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே அந்தக் கட்டுரைக்குத் தெரியாது. இப்போது எழுதுவது அந்தக் கட்டுரை மீதான விமர்சனம். அதே அச்சில் வார்த்த பலவற்றின் மீதானதும்தான். விண்வெளி பற்றித் தமிழில் எழுதும் நம்மில் பெரும்பாலானோர் படத்துக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறோம். படம் எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

*

முதலில் தலைப்பு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ஏற்றிச் சென்ற அஸ்ட்ரோசாட்டின் எடை சுமார் ஒன்றரை டன். ஹப்பிள் சுமார் 11 டன். ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர். அஸ்ட்ரோசாட்டில் புறஊதாவுக்காக இருப்பவை 38 சென்டிமீட்டர்க்குச் சற்றுக் குறைந்த இரண்டு சிறு தொலைநோக்கிகள். இந்தக் கணக்கில் 'இந்தியாவின் ஹப்பிள்' என்பது தம்பியை அண்ணன் சட்டையைப் போட்டுப் போட்டோ எடுப்பது மாதிரி. தோளில் நிற்காது. அதைவிட மோசம், தம்பிக்கு என்ன வரும் என்பதையே அந்தச் சட்டை மறைத்துவிடுகிறது.

அஸ்ட்ரோசாட்டின் பலம் அளவில் இல்லை. புறஊதாத் தொலைநோக்கி, மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, லாக்ஸ்பிசி என்னும் பெரிய வாயு எண்ணிகள், காட்மியம்-ஜிங்க்-டெல்லூரைடு படமாக்கி ஆகிய நான்கும் ஒரே திசையைப் பார்த்தபடி பொருத்தப்பட்டவை. ஐந்தாவது கருவி வானத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும், எங்காவது புதிதாக எக்ஸ் கதிர் வெடித்தால் சொல்வதற்கு. ஆக, ஒரு பொருளைப் புறஊதாவிலும், மென் எக்ஸ் கதிரிலும், வன் எக்ஸ் கதிரிலும் *ஒரே நொடியில்* பார்க்கலாம். இது ஏன் பெரிய விஷயம்? கழுகு விண்மீன் குழுவில் ஜிஆர்எஸ் 1915+105 என்று ஒரு கருந்துளை இருக்கிறது, பக்கத்து விண்மீனிலிருந்து வாயுவை உறிஞ்சிக்கொண்டு. அதன் எக்ஸ் கதிர் ஒளி சில நேரம் இதயத் துடிப்பு மாதிரி ஏறி இறங்கும். இன்று ஒரு தொலைநோக்கியாலும் அடுத்த வாரம் இன்னொன்றாலும் பார்த்தால் இரண்டு வெவ்வேறு கருந்துளைகளைப் பார்த்த மாதிரிதான். லாக்ஸ்பிசி ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் பத்து மைக்ரோ நொடித் துல்லியத்தில் நேரம் குறிக்கிறது. ஹப்பிள் செய்யும் வேலையே வேறு.

ஆனால் நேரத்தைப் படமாகப் போட முடியாது. சுருள் மண்டலத்தைப் போடலாம். அதனால்தான் ஹப்பிள் என்று எழுதினேன்.

*

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பெங்களூருக்குத் திரும்பியதும் நான் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். அஸ்ட்ரோசாட்டின் தரவுகள் 2018 செப்டம்பரிலிருந்து பொதுவில் கிடைக்கின்றன. பதிவு செய்துகொண்டால் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு புறஊதாக் கோப்பை இறக்கினேன்.

உள்ளே படம் இல்லை. பட்டியல்தான் இருந்தது.

உணர்கருவி நொடிக்குச் சுமார் 29 முறை தன்னைத்தானே படிக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் ஒளித்துகள் விழுந்தது என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறது. செயற்கைக்கோள் அசையாமல் நிற்பதில்லை, லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைக் கட்புலன் ஒளியில் பார்க்கும் மூன்றாவது தடம் கண்காணிக்கிறது. பிறகு தரையில் இருக்கும் மென்பொருள், ஆட்டத்தைக் கழித்து, லட்சக்கணக்கான வரிகளை அதனதன் இடத்தில் கொட்டி, எங்கே எத்தனை விழுந்தன என்று எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைகளின் கட்டம்தான் 'படம்'. இதற்கு நாம் 'படம் பிடித்தது' என்று எழுதுகிறோம். 'கணக்கு எழுதியது' என்பதுதான் சரியான வினை.

எண்ணிக்கைகளைத் திரையில் காட்ட பைத்தானில் ஒரு வரி எழுத வேண்டும், எந்த வண்ணத் தட்டு என்று. முதலில் 'விரிடிஸ்' போட்டேன், பாசி படிந்த குளம் மாதிரி வந்தது. 'இன்ஃபெர்னோ' என்று மாற்றினேன், அதே மண்டலம் எரிந்தது. சாம்பல் நிறத்தில் போட்டபோதுதான், நான் முன்பு கவனிக்காத ஒரு மங்கலான கை தெரிந்தது. மஞ்சள் என்று யார் முடிவு செய்தார்கள் என்றால், என்னைப் போல ஒருவர்தான், ஒரு வரியில். பல புறஊதாப் படங்களில் தொலைபுறஊதா நீலமாகவும் அண்மைப்புறஊதா மஞ்சளாகவும் இருப்பதற்குக் காரணம், நாசா 2003இல் அனுப்பிய கேலக்ஸ் செயற்கைக்கோளின் படங்கள் அப்படி வந்தன, பழகிவிட்டது என்பதுதான்.

அப்படியானால் மோசடியா? இல்லை. வெப்பமான, இளம் விண்மீன்கள் குறைந்த அலைநீளத்தில் அதிகம் ஒளிர்கின்றன, அங்கே நீலம் விழுகிறது. கொஞ்சம் ஆறியவை இருக்கும் இடத்தில் மஞ்சள் விழுகிறது. நிறம் இங்கே ஒரு விகிதம், இதில் இவ்வளவு, அதில் இவ்வளவு என்று. எக்ஸ் கதிர் வானியலாளர்கள் இரண்டு ஆற்றல் பட்டைகளின் எண்ணிக்கையை வகுத்து வரும் எண்ணையே 'நிறம்' என்று அழைக்கிறார்கள். அவர்கள் காகிதத்தில் எந்த வண்ணமும் இருக்காது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. மயில்கழுத்து என்று ஒரு நிறம் உண்டு. பாவு நீலம், ஊடை பச்சை. புடவையை இப்படிப் பிடித்தால் நீலம், அப்படிப் பிடித்தால் பச்சை. 'நிஜ நிறம் எது' என்று கடைக்கு வந்தவர் கேட்டால் அப்பா இரண்டு கண்டையும் எடுத்துக் காட்டுவார், பாவுக்கு இது, ஊடைக்கு இது என்று. அதுதான் நேர்மையான படவிளக்கம். என் கட்டுரையில் அந்த இரண்டு கண்டும் இல்லை.

இந்த இடத்தில் ஹப்பிளையும் விட்டுவிடக் கூடாது. 1995இல் வந்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம். உண்மையில் அந்த ஹைட்ரஜன் கோடு கண்ணுக்குச் சிவப்பாகத்தான் தெரியும், ஆக்ஸிஜன் கோடுதான் பச்சை. எலிசபெத் கெஸ்லர் என்ற கலை வரலாற்றாய்வாளர் 2012இல் வந்த தன் நூலில், இந்தப் படங்கள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேற்குப் பகுதியின் நிலக்காட்சி ஓவியங்களை நினைவூட்டும்படி அமைக்கப்படுகின்றன என்று காட்டினார். மேல் எது, கீழ் எது என்று இல்லாத விண்வெளியில் தூண்கள் நிமிர்ந்து நிற்பது யாரோ அப்படித் திருப்பி வைத்ததால். அந்த அழகைக் குறை சொல்லவில்லை. அந்த அழகு ஓர் ஊரின் அழகு என்பதை மறந்துவிட்டு, பிரபஞ்சமே அப்படித்தான் என்று தமிழில் உருகுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

*

சொற்களையும் கொஞ்சம் பார்க்கலாம். புறஊதா, அகச்சிவப்பு. பள்ளியில் படித்த நாளிலிருந்து சொல்லிவருகிறோம். ஊதாவுக்கு வெளியே இருப்பது புறஊதா, சரி. சிவப்புக்கு அந்தப் பக்கம் இருப்பதும் வெளியேதானே இருக்கிறது? அது எப்படி அகம் ஆனது? அகம்-புறம் என்ற இரட்டை நம் மொழியில் அவ்வளவு ஆழமாக ஊறியிருப்பதால், இரண்டு முனைகள் என்றதும் ஒன்றுக்கு அதையும் மற்றதற்கு இதையும் கொடுத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். இலங்கைத் தமிழில் கழியூதா, செங்கீழ் என்கிறார்கள். ஊதாவைக் கழிந்தது, செம்மைக்குக் கீழே. திசை சரியாக இருக்கிறது. இனி நாமும் மாற்றிக்கொள்ள முடியாது, நானே இந்தக் கட்டுரையில் புறஊதா என்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் செங்கீழ் என்ற சொல்லைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமை வருகிறது.

இன்னொரு வகை எழுத்தும் உண்டு, அதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். திருநள்ளாறுக்கு மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன என்ற செய்தி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரும். தாழ்சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒன்று நின்றால் விழும். இதை விளக்கி நான் சண்டை போட்டிருக்கிறேன், பயன் இல்லை. இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன்: அஸ்ட்ரோசாட் திருநள்ளாறுக்கு மேலே வருவதே இல்லை. 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டும் சாய்ந்த பாதை. அதனால் வடக்கே 6 பாகையைத் தாண்டாது. கன்னியாகுமரியே 8 பாகையில் இருக்கிறது. நம் செயற்கைக்கோள் நம் மண்ணுக்கு மேலே ஒருமுறைகூடப் பறப்பதில்லை. இலங்கையின் தென்கோடியை மட்டும் உரசிக்கொண்டு போகிறது. தென் அட்லாண்டிக்கின் மேல் மின்னேற்றத் துகள்கள் அடர்ந்திருக்கும் பகுதியில் முடிந்தவரை குறைந்த நேரம் மாட்டிக்கொள்ளத்தான் இந்தச் சாய்வு. இந்தத் தகவல் எங்கள் குழுவில் எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. "அப்போ காஞ்சிபுரத்துலேர்ந்து பாத்தா தெற்கால தெரியுமா?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். தெற்கு வானில் பாதிக்கும் கீழே. நல்ல கேள்வி கேட்க மக்கள் தயார்தான், நாம்தான் நல்ல தகவலைக் கொடுப்பதில்லை.

பெருமைக் கட்டுரைகளில் விடுபடுவது இன்னொன்று. 2018 மார்ச்சில் அண்மைப்புறஊதாத் தடம் செயலிழந்தது. அதே மாதம் லாக்ஸ்பிசியின் மூன்று எண்ணிகளில் ஒன்று, வாயுக் கசிவால், அணைக்கப்பட்டது. நீலமும் மஞ்சளுமான அந்தப் படத்தில் மஞ்சள் அதற்குப் பிறகு அஸ்ட்ரோசாட்டிலிருந்து வரவே முடியாது. ஐந்தாண்டுக்கென்று அனுப்பியது, ஒரு கண் போன பிறகும், ஐந்தாண்டைத் தாண்டியும் வேலை செய்தது. கதையாகவும் இது நல்ல கதை. நான் எழுதவில்லை. 'சாதனை' என்ற தலைப்பின் கீழ் அது உட்காராது என்று நினைத்துவிட்டேன்.

2020 ஆகஸ்டில் வந்த செய்தியும் இப்படித்தான். 'ஆதி விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்தது இந்தியா' என்கிற தொனி. நடந்தது அதைவிடச் சுவையானது. ஏயூடிஎஃப்எஸ்01 என்ற மண்டலம் ஹப்பிள் ஏற்கெனவே ஆழமாகப் பார்த்த வானத் துண்டில் இருக்கிறது. 930 கோடி ஒளியாண்டு தொலைவு, ஆதி என்று சொல்லிவிட முடியாது. புனேயின் ஐயூகாவைச் சேர்ந்த கனக் சாஹாவின் குழு 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் அந்தத் துண்டைப் பார்த்து, அங்கிருந்து அதீதப் புறஊதா ஒளி வருவதைப் பிடித்தது. கிளம்பும்போது 60 நானோமீட்டராக இருந்த அலை, பிரபஞ்சம் விரிந்ததில் நீண்டு, அஸ்ட்ரோசாட்டின் தொலைபுறஊதாவுக்குள் வந்து விழுந்தது. அப்படிப்பட்ட ஒளி, மண்டலத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜனில் சிக்கிக்கொள்ளாமல் எப்படித் தப்பித்தது? அதுதான் கேள்வி. ஆதிப் பிரபஞ்சத்தின் ஹைட்ரஜன் எப்படி அயனியாக்கப்பட்டது என்பதோடு சேர்ந்த கேள்வி. ஹப்பிளின் ஆடி பெரிதாக இருந்தும் அது பிடிக்காததற்குப் பின்னணி இரைச்சலும் ஒரு காரணம். பார்த்தது நிஜம்தானா என்று உறுதி செய்ய அந்தக் குழுவுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆனது. படத்தைப் பார்த்தீர்கள் என்றால் சில புள்ளிகள், ஒரு கறை. யாரும் வால்பேப்பராக வைக்க மாட்டார்கள்.

*

போன தை மாதம் அப்பாவுக்கு ஒரு புடவை திரும்பி வந்தது. பதினெட்டு நாள் வேலை, இரண்டு பக்கமும் கோர்வை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட்டது. ஜரிகை மட்டம் என்று வாங்கியவர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கோபமில்லை, அவமானம். எங்கள் பக்கம் பழைய சோதனை ஒன்று உண்டு: ஜரிகையைக் கீறினால் நடுவில் சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், தெரிந்தால் அசல். அப்பா கீறினார். சிவப்பு. மறுபடி கீறினார். சிவப்பு. "அசல்தானேடா" என்றார் என்னிடம், நான் ஏதோ தீர்ப்புச் சொல்பவன் மாதிரி. போலி செய்பவருக்கும் சிவப்புச் சாயம் கிடைக்கும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

ஜரிகைச் சோதனை இப்போது எக்ஸ் கதிரில் நடக்கிறது. கூட்டிக்கொண்டு போனேன். சின்ன இயந்திரம். ஜரிகைத் துண்டை உள்ளே வைத்து மூடினார்கள். எக்ஸ் கதிர் போய் அணுவின் உள்ளடுக்கு எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. காலியான இடத்துக்கு மேலடுக்கிலிருந்து ஒன்று இறங்குகிறது. இறங்கும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் ஓர் எக்ஸ் கதிரை விடுகிறது. தாமிரம் என்றால் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கம் 9.7, வெள்ளி 22. திரையில் ஒரு கோடு ஓடியது, அங்கங்கே மேடுகளோடு. எந்தச் சாயமும் இல்லை.

தறி நெய்கிறவருக்கு வரைதாள் புதிதா என்ன? கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். இயக்கியவர் சொல்வதற்கு முன்னாலேயே விரலை நீட்டி, "இது எது?" என்றார். தாமிரம். "இது?" வெள்ளி. தாமிரத்தின் மேடு இருக்க வேண்டியதைவிட உயரம், வெள்ளி குள்ளம். ஜரிகை விற்றவர் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புடவைக்குக் கூலியில் கொஞ்சம்தான் கிடைத்தது. ஜரிகைக் கடையோடு இருந்த இருபது வருஷப் பழக்கம் அன்றோடு போனது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுத்தட்டின் மேலே மிகச் சூடான மின்மம் இருக்கிறது. அது விடும் எக்ஸ் கதிர் தட்டில் இருக்கும் இரும்பு அணுக்களைத் தட்டுகிறது. இரும்பு, 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தன் எக்ஸ் கதிரை விடுகிறது. மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 8 வரை பார்க்கும், லாக்ஸ்பிசி 3இல் தொடங்கும், இரண்டுக்குள்ளும் அந்த மேடு வருகிறது. காஞ்சிபுரத்தில் ஜரிகைக்கு நடந்ததும் அங்கே நடப்பதும் ஒரே இயற்பியல். உவமைக்காகச் சொல்லவில்லை, சமன்பாடே ஒன்றுதான். பல அலைநீள வானியலின் ஆதாரம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கோடுகளில்தான் இருக்கிறது: மேடுகள், சரிவுகள், நேரத்தோடு ஏறி இறங்கும் வளைவுகள். என் கட்டுரையில் அப்படி ஒரு கோடுகூட இல்லை. வாசகருக்குப் புரியாது என்று நினைத்தேன். எட்டாவதோடு நிறுத்திய என் அப்பாவுக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. அதிலும், பணம் போகிற விஷயமாக இருந்தபோது.

அந்தப் பழைய கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். தலைப்பு மாறியிருக்கிறது. படத்துக்குக் கீழே, எந்த அலைநீளத்துக்கு எந்தச் சாயம், போட்டது யார் என்று இரண்டு வரி. கூடவே ஒரு வரைபடம், கருந்துளை ஒன்றின் இரும்புக் கோடு. அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் காட்டினேன். இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அன்னைக்குப் பாத்த மேடெல்லாம் ரெண்டு பக்கமும் சமமா இருந்தது. இது ஏன் இடதுபக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு?"

ஜப்பானின் அஸ்கா செயற்கைக்கோளை வைத்து 1995இல் ஒரு மண்டலத்தின் மையத்தில் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது அந்த இழுப்பைத்தான். கருந்துளைக்கு மிக அருகிலிருந்து மேலே ஏறி வரும் ஒளி, ஈர்ப்போடு போராடியதில் ஆற்றலை இழக்கிறது, மேடு இடதுபக்கம் வழிகிறது. அதை அவருக்குச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவே இரண்டு முறை நாடாவில் ஊடை தீர்ந்து, தார் மாற்றினார்.